விண்வெளிப் படச் செயலி எழுதுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓய்வு நேரத்தில் விண்வெளிப் படங்களைக் காட்டும் செயலி ஒன்றை எழுத உட்காருபவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. முதல் சில கேள்விகள் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு. செயலி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் 6-ஆம் கேள்வியிலிருந்து படித்தால் போதும்.

1. படங்களை எங்கிருந்து எடுப்பது? காசு கட்ட வேண்டுமா?

வேண்டாம். தொடக்கத்துக்கு மூன்று இடங்கள் போதும். ஒன்று, நாசாவின் "அன்றைய வானியல் படம்", சுருக்கமாக ஏபாட். 1995 ஜூன் 16 அன்று தொடங்கியது. வானியலாளர் எழுதிய விளக்கத்தோடு நாளுக்கு ஒரு படம் வரும். இரண்டு, நாசாவின் படம் மற்றும் காணொளி நூலகம். அப்போலோ காலத்துப் படங்கள் முதல் நேற்றைய ராக்கெட் ஏவுதல் வரை அதில் தேடலாம். கீ (யார் அழைக்கிறார் என்று காட்டும் ரகசியக் குறியீடு) எதுவும் கேட்காது. மூன்று, டிஸ்கவர் விண்கலத்தின் எபிக் கேமரா. சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து பூமியின் ஒளிபட்ட பக்கத்தை முழுதாக எடுத்த படங்கள் 2048×2048 பிக்சலில் கிடைக்கின்றன.

தன்னார்வலர் யாராவது ஒருவர் தன் சொந்த சர்வரில் நடத்தும் ஏபிஐகளும் (செயலிகள் தரவைக் கேட்டு வாங்கும் வாசல்கள்) நிறைய உண்டு. பழகிப் பார்க்க நல்லவை. ஆனால் செயலியின் முதுகெலும்பாக அவற்றை வைக்காதீர்கள். அவருக்கு நேரமில்லாமல் போகும் நாளில் உங்கள் செயலியும் நின்றுவிடும். விண்கலமே பழுதாகி நிற்பதும் உண்டு: டிஸ்கவர் 2019 ஜூன் முதல் 2020 மார்ச் வரை படம் எதுவும் அனுப்பவில்லை. "இன்றைய பூமி" என்று பொத்தான் வைப்பவர்கள், எந்தெந்தத் தேதிக்குப் படம் இருக்கிறது என்ற பட்டியலை எபிக்கிடம் முதலில் கேட்டு வாங்கிவிட்டு, அதில் கடைசித் தேதியைக் காட்ட வேண்டும்.

2. டெமோ கீயே நன்றாக வேலை செய்கிறதே, தனிக் கீ எதற்கு?

டெமோ கீ என்பது பதிவில்லாமல் யாரும் சோதித்துப் பார்க்க நாசா வைத்திருக்கும் பொதுக் கீ. அதற்கு ஒரு ஐபி முகவரியிலிருந்து மணிக்கு 30, நாளுக்கு 50 அழைப்புகள்தான். நிரலை (கோட்) மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தாலே மதியத்துக்குள் தீர்ந்துவிடும். மின்னஞ்சல் கொடுத்துப் பதிவு செய்தால் உடனே இலவசமாகக் கீ கிடைக்கும். அதற்கு மணிக்கு 1,000 அழைப்புகள். எல்லை தாண்டினால் 429 என்ற பிழை எண் வரும். இன்னும் எத்தனை அழைப்புகள் மீதம் என்பது ஒவ்வொரு பதிலின் தலைப்புப் பகுதியிலும் இருக்கும், அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஒரு சிக்கனம்: கடந்த 30 நாள் ஏபாட் படங்கள் வேண்டுமென்றால் 30 முறை அழைக்காதீர்கள். தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டையும் கொடுத்தால் ஒரே அழைப்பில் முழுப் பட்டியலும் வந்துவிடும்.

3. கீயைச் செயலிக்குள்ளேயே எழுதி வைத்துவிடலாமா? பொழுதுபோக்குக்குத்தானே!

உங்கள் போனில் மட்டும் ஓடும் செயலி என்றால் வைக்கலாம். ஸ்டோரில் போடுவதாக இருந்தால் கூடாது. செயலிக் கோப்பைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த யாருக்கும் அந்தக் கீ கிடைத்துவிடும். திருட்டு போவதைவிட உடனடியான சிக்கல் வேறு: எல்லாப் பயனர்களும் ஒரே கீயில் ஓடுவார்கள். ஆளுக்கு 12 அழைப்பு என்றால், ஒரே மணி நேரத்தில் 84-ஆவது ஆள் திறக்கும்போது 1,000 தாண்டிவிடும்.

நடுவில் ஒரு சின்ன சர்வர் வையுங்கள். அது மணிக்கு ஒருமுறை மூல ஏபிஐயை அழைத்து, வந்த ஜேசான் தரவைக் கோப்பாகச் சேமிக்கட்டும். செயலிகள் எல்லாம் அந்தக் கோப்பைத்தான் படிக்க வேண்டும். பயனர் பத்துப் பேரானாலும் பத்தாயிரம் பேரானாலும் நாளுக்கு 24 அழைப்புகள்தான். மூல ஏபிஐ கீழே விழுந்தாலும் நேற்றைய கோப்பு இருக்கும், திரை காலியாகாது.

4. தினம் ஒரு படம் காட்டுகிறேன். சில நாள் மட்டும் வெறும் கட்டம் வருகிறது, ஏன்?

அன்றைக்கு வந்தது படமாக இருக்காது. ஏபாட் பதிலில் ஊடக வகை என்று ஒரு புலம் இருக்கும். பெரும்பாலான நாள் அதில் படம் என்றிருக்கும். சில நாள் காணொளி, அரிதாக இரண்டுமில்லாத ஏதாவது ஒன்று. காணொளி நாளில் முகவரிப் புலத்தில் இருப்பது பெரும்பாலும் யூடியூப் பக்கம். அதைப் படம் காட்டும் பெட்டியில் கொடுத்தால் வெற்றுக் கட்டம்தான் கிடைக்கும்.

அழைக்கும்போதே சிறுபடமும் வேண்டும் என்ற அளவுருவைச் சேர்த்தால், காணொளிக்கு ஒரு முன்னோட்டப் படத்தின் முகவரியும் வரும். அதன்மேல் ஓட்டும் குறியைப் போட்டுக் காட்டுங்கள். உயர்தெளிவுப் படத்துக்கான புலம் அந்த நாள்களில் இருக்காது. அது எப்போதும் இருக்கும் என்று நம்பி எழுதிய கோட் அங்கேயே உடையும். முகவரியே இல்லாத பதிலுக்கும் ஒரு வழி வைத்துவிடுங்கள்: விளக்க உரையை மட்டும் காட்டினால் போதும்.

5. நள்ளிரவு தாண்டியதும் தேதி தவறு என்று பிழை வருகிறது. சில மணி நேரம் கழித்துத் தானாகச் சரியாகிவிடுகிறது. என்ன மாயம்?

ஏபாட் புதுப்படம் அமெரிக்கக் கிழக்கு நேரப்படி நள்ளிரவு வாக்கில் வருகிறது. அது உலக நேரத்தில் 4 அல்லது 5 மணி. உங்கள் போனில் 12 ஆனதும் இன்றைய தேதியை அனுப்பினால், அந்த சர்வரைப் பொறுத்தவரை நீங்கள் நாளைய படத்தைக் கேட்கிறீர்கள். தேதியே அனுப்பாமல் அழைத்தால் கடைசியாக வெளியான படம் வரும். அந்தப் பதிலில் உள்ள தேதியையே கேஷின் (மீண்டும் அழைக்காமலிருக்கச் சேமித்து வைக்கும் நகலின்) திறவுகோலாக வையுங்கள், போனின் தேதியை வைக்காதீர்கள்.

இதன் உடன்பிறப்பு ஒன்றும் உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் வெறும் ஆண்டு-மாதம்-நாள் என்ற சரத்தை (எழுத்துத் தொடரை) தேதிப் பொருளாக மாற்றினால் அதை உலக நேர நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். கிரீன்விச்சுக்கு மேற்கே இருக்கும் பயனருக்கு அது முந்தைய நாளாகத் தெரியும். கிழக்கே இருந்து சோதிப்பவர் கண்ணில் இந்தப் பிழை படவே படாது. நாசா நூலகத்தின் பழைய படங்களிலும் நேரப் பகுதி பெரும்பாலும் 00:00:00 என்றே இருப்பதால், நிலவில் இறங்கிய 1969 ஜூலை 20 அங்கே ஜூலை 19 ஆகிவிடும். நேரம் தெரியாத தேதியை நேரமாக மாற்றவே வேண்டாம். சரமாகவே வைத்துக் காட்டுங்கள்.

6. "மார்ஸ்" என்று தேடினால் யாரோ மேடையில் கைகுலுக்கும் படம் வருகிறதே?

நூலகம் நாசாவின் எல்லா மையங்களின் படங்களையும் ஒன்றாக வைத்திருக்கிறது. விழா, கட்டடம், விருந்தினர் எல்லாம் உண்டு. ஊடக வகையைப் படம் என்று கட்டுப்படுத்துங்கள். பிறகு மையத்தை ஜேபிஎல் (கோள்களுக்கு விண்கலம் அனுப்பும் நாசா மையம்) என்று கொடுத்தால் கோள்களின் படங்கள் பெருமளவு வடிகட்டப்பட்டு வரும். கடைசிச் சல்லடை உங்கள் கையில்தான்: தலைப்பிலும் குறிச்சொற்களிலும் தவிர்க்க வேண்டிய சொற்களின் பட்டியல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தேடலுக்கு அதிகபட்சம் 10,000 முடிவுகள்தான் புரட்ட முடியும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஆண்டு வாரியாகப் பிரித்துக் கேளுங்கள்.

7. அதே லிங்க் கணினியில் திறக்கிறது, போனில் மட்டும் படம் வரவில்லை.

முகவரியின் முதல் எழுத்துகளைப் பாருங்கள். நூலகம் தரும் கோப்புப் பட்டியலில் முகவரிகள் பாதுகாப்பற்ற எச்டிடிபியில் தொடங்கலாம். ஆண்ட்ராய்டு 9 முதல் இயல்புநிலையில் அதைத் தடுக்கிறது, ஐபோனும் அப்படித்தான். தடையைத் தளர்த்தும் அமைப்பைத் தேடிப் போகாதீர்கள். முகவரியை எச்டிடிபிஎஸ் என்று மாற்றினாலே படம் வந்துவிடும்.

அப்படியும் சில படங்கள் மட்டும் வரவில்லை என்றால், கோப்புப் பெயரில் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். பிரவுசர் அதைத் தானே மாற்றிக்கொள்ளும். உங்கள் கோட் மாற்றாது.

8. பெரிய படத்தைத் தொட்டதும் செயலி மூடிக்கொள்கிறது. ஃபைல் வெறும் 8 எம்பிதான்!

8 எம்பி என்பது சுருக்கிக் கட்டிய அளவு. திரையில் காட்ட அதைப் பிரித்தாக வேண்டும்; பிரித்தபின் ஒரு பிக்சலுக்கு 4 பைட். 6000×4000 படம் என்றால் 2.4 கோடி பிக்சல், 96 எம்பி மெமரி. பட்டியலில் இப்படி நாலு படம் வரிசையாக வந்தால் போதும்.

பிரிக்கும்போதே சிறிதாக்குங்கள். ஆண்ட்ராய்டில் படத்தின் நீள அகலத்தை மட்டும் முதலில் படித்து, பிறகு மாதிரி அளவை (நீள அகலத்தை எத்தனையால் வகுப்பது என்ற எண்ணை) 2, 4, 8 என்று கொடுக்கலாம். 4 கொடுத்தால் 1500×1000, அதாவது 6 எம்பி. ஐபோனில் சிறுபடம் உருவாக்கும் வசதி இமேஜ்-ஐஓ நூலகத்தில் உள்ளது. ஃப்ளட்டரில் கேஷ் அகலத்தைக் குறிப்பிட்டால் போதும். இன்னும் நல்லது, பெரிய கோப்பைத் தொடாமலே இருப்பது: நாசா நூலகம் ஒவ்வொரு படத்துக்கும் மூலம், பெரியது, நடுத்தரம், சிறியது, மிகச் சிறியது என்று தனித்தனிக் கோப்புகள் வைத்திருக்கிறது. எல்லாப் படத்துக்கும் எல்லா அளவும் இருக்கும் என்று முகவரியை நீங்களே கட்டாதீர்கள். பட்டியலைக் கேட்டு வாங்கி, இருப்பதில் பொருத்தமானதை எடுங்கள். மூலக் கோப்பு டிஃப் வடிவத்தில் இருப்பதும் உண்டு. போன்கள் பலவற்றில் அது திறக்காது.

9. அப்படியென்றால் ஜேம்ஸ் வெப்பின் முழுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவே முடியாதா?

வெப் விண்வெளித் தொலைநோக்கியின் படத்தையும் பார்க்க முடியும், ஓடுகளாக வெட்டினால். கரீனா நெபுலாவின் "விண்வெளிக் குன்றுகள்" படம் 14575×8441 பிக்சல். முந்தைய கேள்வியின் கணக்குப்படி பிரித்தால் 490 எம்பி தாண்டும். இதை 256 பிக்சல் சதுரங்களாக வெட்டினால் மேல்மட்டத்தில் 57×33, அதாவது 1,881 ஓடுகள். ஒவ்வொரு கீழ்மட்டமும் பாதி அளவு என்பதால் மொத்தம் ஏறக்குறைய 2,500. திரையில் ஒரு நேரத்தில் தேவைப்படுவதோ சில பத்து ஓடுகள்தான்.

வெட்டுவதற்கு விப்ஸ் என்ற கட்டளைவரிக் கருவியின் டீப் ஜூம் சேமிப்பு வசதி நன்றாக வேலை செய்கிறது. முழுப் படத்தையும் மெமரியில் ஏற்றாமலே வெட்டித் தரும். இணையப் பக்கத்தில் காட்ட ஓப்பன்-சீட்ராகன் என்ற நூலகம் போதும். இதைப் போனில் செய்யாதீர்கள். சர்வரிலோ உங்கள் கணினியிலோ ஒருமுறை வெட்டி வைத்துவிட வேண்டும்.

10. சிறுபடமாக மாற்றியதும் நட்சத்திரங்கள் காணாமல் போகின்றன. நிறமும் மங்குகிறது. எதைத் தவறாகச் செய்கிறேன்?

பூனைப் படத்துக்குப் பொருந்தும் அமைப்புகள் விண்வெளிப் படத்துக்குப் பொருந்தாது. இங்கே முக்கியமான தகவல் கறுப்புப் பின்னணியில் ஒன்றிரண்டு பிக்சல் அகலமுள்ள புள்ளிகளில் இருக்கிறது. சிறிதாக்கும் முறை அருகிலுள்ள பிக்சலை மட்டும் எடுப்பதாக இருந்தால், நாலில் ஒரு நட்சத்திரம் தப்பும், மற்றவை விழும். நகர்த்தும்போது மினுக்கும் வேறு. சுற்றியுள்ள பிக்சல்களையும் கணக்கில் எடுக்கும் லான்க்சோஸ் அல்லது பரப்புச் சராசரி முறையைத் தேர்ந்தெடுங்கள். 8-ஆம் கேள்வியில் வந்த "மாதிரி அளவு" கொண்டு சிறிதாக்குவது ஜேபெக் கோப்பில் சராசரியாகவே நடக்கும். பிஎன்ஜியில் பல நூலகங்கள் பிக்சல்களைத் தாண்டித் தாண்டி எடுக்கின்றன, அதனால் பிஎன்ஜி மூலங்களை சர்வரிலேயே சிறிதாக்கிவிடுவது நல்லது.

அடுத்தது பிரகாசம். கோப்பில் இருக்கும் 0 முதல் 255 வரையிலான எண்கள் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் இல்லை. மூன்று கறுப்பு, ஒரு வெள்ளை பிக்சல்களை அப்படியே சராசரி எடுத்தால் 64 வரும். முதலில் நேர்விகித ஒளி மதிப்புகளாக மாற்றி, சராசரி எடுத்து, திரும்பவும் மாற்றினால் 137. ஒரே நட்சத்திரம், இரண்டு மடங்கு வித்தியாசம். விண்மீன் கூட்டப் படங்களில் இந்த ஒரு மாற்றம் கண்ணுக்கு உடனே தெரியும்.

மூன்றாவது, சுருக்கம். சாதாரண ஜேபெக் அமைப்பும் இழப்புள்ள வெப்-பீ வடிவமும் நிறத் தகவலைப் பாதித் தெளிவில்தான் வைக்கின்றன. சின்னச் சிவப்பு நட்சத்திரம் சாம்பலாகிவிடும். ஜேபெக்கில் நிறக் குறைப்பை அணைத்து, தரம் 85-க்குக் கீழே போகாமல் வையுங்கள். நெபுலாவின் ஓரத்தில் படிப்படியாகக் கோடுகள் தெரிந்தால் தரத்தை மிகவும் குறைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். கோப்பு கொஞ்சம் பெரிதாகும், பரவாயில்லை.

11. செவ்வாய்ப் படங்களில் "சோல்" என்று ஒரு எண் இருக்கிறதே, அதைத் தேதியாக மாற்றுவது எப்படி?

சோல் என்பது செவ்வாயின் ஒரு பகல்-இரவு: 24 மணி 39 நிமிடம் 35.244 விநாடி, அதாவது 88,775.244 விநாடி. 1,000 சோல் என்பது ஏறக்குறைய 1,027 பூமி நாள்கள். ஒரு சோல் இரண்டு பூமித் தேதிகளில் விழும் என்பதால் இரண்டையும் ஒன்றுக்கொன்று நேராக வைக்கும் அட்டவணை வேலைக்காகாது.

வழக்கமாக நடக்கும் தவறு, தரையிறங்கிய கணத்தைப் பூஜ்ஜியமாக எடுப்பது. கியூரியாசிட்டி ரோவர் (செவ்வாயில் ஓடும் ஊர்தி) 2012 ஆகஸ்ட் 6 அன்று உலக நேரம் 05:17-க்கு இறங்கியபோது அங்கே பிற்பகல் 3 மணி வாக்கில். சோல் மாறுவதோ உள்ளூர் நள்ளிரவில். ஆகவே உங்கள் கணக்கு ஒவ்வொரு சோலிலும் நள்ளிரவு முதல் பிற்பகல் 3 வரை ஒன்று குறைவாகவே காட்டும், படங்களில் பெரும்பகுதி எடுக்கப்படுவதும் அந்த நேரத்துக்குள்தான். சோல் 0 தொடங்கிய ஆகஸ்ட் 5, 13:50 வாக்கை அடிப்படையாக எடுத்து, கழித்து, 88,775.244-ஆல் வகுத்து, தசமத்தை வெட்டுங்கள்.

இன்னொரு கண்ணி: ரோவர்களில் கியூரியாசிட்டியும் பெர்சிவியரன்ஸும் இறங்கிய நாளைச் சோல் 0 என்கின்றன, ஸ்பிரிட்டும் ஆப்பர்சூனிட்டியும் சோல் 1 என்கின்றன. படத்தின் பதிவிலேயே சோல் எண் இருந்தால் அதையே காட்டுங்கள். கணக்கு, "இன்று எந்தச் சோல்?" என்று காட்டுவதற்கு மட்டும்.

12. ரோவர் படங்கள் ஏன் பாதிக்குப் பாதி கறுப்பு வெள்ளையாகவும் தபால்தலை அளவிலும் இருக்கின்றன?

தபால்தலை அளவில் வருபவை முன்னோட்டங்கள். ரோவர் சிறுபடங்களை முதலில் அனுப்பும். எதை முழுதாக வாங்குவது என்று பூமியில் முடிவு செய்வார்கள். பெர்சிவியரன்ஸின் பதிவில் மாதிரி வகை என்ற புலத்தில் "முழு" என்று இருப்பவற்றை மட்டும் எடுத்தால் அவை ஒழியும்.

கியூரியாசிட்டியின் வழிகாட்டு கேமராக்கள் கறுப்பு வெள்ளைதான், 1024×1024. பெர்சிவியரன்ஸில் அவை வண்ணம், 5120×3840. ஆனால் பல சமயம் 1280×960 துண்டுகளாக வரும், அதனால் ஒரே காட்சி பதினாறு படங்களாகத் தெரியலாம். கியூரியாசிட்டியின் கம்பக் கேமராப் படத்தில் சதுரங்கக் கட்டம்போல் நெளிந்தால், அது நிற வடிகட்டிகளின் தடம் இன்னும் நீக்கப்படாத மூலப்படம். ஓரத்தில் கறுப்புப் பட்டை என்றால் தரவில் ஒரு பகுதி வழியில் தொலைந்திருக்கிறது. சில நாளில் நிரம்பிய படம் வரக்கூடும், ஆகவே ரோவர் படங்களை நிரந்தரமாகக் கேஷ் செய்யாதீர்கள்.

13. இரண்டு வாரமாகப் புதுப் படமே இல்லை. என் கோடில் பிழையா?

முதலில் செவ்வாய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒருமுறை பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையில் சூரியன் வந்துவிடும். சூரியனைச் சுற்றியுள்ள வெப்ப வாயு ரேடியோ அலையைக் குலைப்பதால், இரண்டு வாரம்போல் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடுவார்கள். 2023-இல் அது நவம்பர் 11 முதல் 25 வரை. "புதிய படம் இல்லை" என்பதைப் பிழையாகக் காட்டாமல், கடைசிப் படத்தின் தேதியோடு காட்டுங்கள்.

14. "இது உண்மையான நிறமா?" என்று பயனர்கள் கேட்கிறார்கள். என்ன எழுதுவது?

கேமராவைப் பொறுத்து எழுத வேண்டும். ஜேம்ஸ் வெப்பின் நிர்கேம் கேமரா 0.6 முதல் 5 மைக்ரோமீட்டர் வரை பார்க்கிறது. அதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அலைநீளம் கூடியதற்குச் சிவப்பு, குறைந்ததற்கு நீலம் என்று நிறம் ஒதுக்குகிறார்கள். "நிறம் ஒதுக்கப்பட்டது" என்று எழுதுங்கள்; "போலி நிறம்" என்று எழுதினால் படமே போலி என்று படித்துக்கொள்வார்கள். ரோவர் படங்களில் சிலவற்றைப் பூமியின் வெளிச்சத்தில் பாறை எப்படித் தெரியுமோ அப்படிச் சமன்செய்திருப்பார்கள். விளக்கக் குறிப்பில் அது இருக்கும், அதைப் படத்தோடு சேர்த்தே சேமியுங்கள்.

15. நாசா படம் என்றால் எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்தானே? விளம்பரம் போடலாமா?

நாசா தானே எடுத்த படங்களுக்குப் பொதுவாக அமெரிக்காவில் காப்புரிமை இல்லை. விளம்பரம் உள்ள செயலியிலும் காட்டலாம். ஆனால் நாசா தளத்தில் இருப்பதெல்லாம் நாசாவுடையது அல்ல. ஏபாட் படங்களில் பல, தனி வானியல் ஒளிப்படக்காரர்களுடையவை. பதிலில் காப்புரிமை என்ற புலம் இருந்தால் அந்தப் படம் அவருடையது: பெயரைக் காட்டுங்கள், வால்பேப்பராகச் சேமிக்கும் பொத்தானை அந்தப் படத்துக்கு மறைத்துவிடுங்கள். ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஹபிள், வெப் தளங்களில் உள்ளவற்றைப் பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்தும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தருகிறார்கள். பெயர் வரியை வெட்டிவிட்டால் உரிமமும் போயிற்று.

நாசா சின்னத்தை ஐகானில் வைக்காதீர்கள், செயலியின் பெயரையும் நாசாவின் அதிகாரபூர்வச் செயலி போலத் தோன்றும்படி வைக்காதீர்கள். விண்வெளி வீரரின் முகத்தை விளம்பரப் படமாக்குவது இன்னொரு சிக்கல்: படத்துக்குக் காப்புரிமை இல்லாவிட்டாலும் அந்த மனிதருக்குத் தன் முகத்தின்மீது உரிமை உண்டு.

16. தயார் படம் வேண்டாம், மூலத் தரவிலிருந்து நானே படம் உருவாக்கலாமா?

தாராளமாக. எளிதான வாசல் ஜூனோகேம். 2016 முதல் வியாழனைச் சுற்றும் ஜூனோவின் இந்தக் கேமராவில், மூலப்படங்களைப் பொதுமக்கள் செப்பனிடுவதே திட்டத்தின் பகுதி. விண்கலம் நிமிடத்துக்கு இருமுறை சுழன்றுகொண்டே எடுப்பதால் படம் 1648×128 பிக்சல் பட்டைகளாக, வடிகட்டிக்கு ஒன்றாக வரும். அடுக்கி ஒட்டினால் மட்டும் போதாது, சுழற்சியையும் ஈடுசெய்ய வேண்டும்.

வெப் தரவு மாஸ்ட் என்ற இணையக் காப்பகத்தில் ஃபிட்ஸ் என்ற வானியல் கோப்பு வடிவத்தில் கிடைக்கும். புதிய அவதானிப்புகள் பல, ஆய்வாளருக்கென்று 12 மாதம் வரை ஒதுக்கப்பட்டிருக்கும். சந்திரயான்-2 தரவு இஸ்ரோவின் பிரதான் தளத்தில் இருக்கிறது. பதிவு செய்து நுழைய வேண்டும் என்பதால் செயலியிலிருந்து நேரடியாக அழைக்காமல் நீங்கள் இறக்கிச் செய்துவைக்க வேண்டும்.

ஃபிட்ஸ் கோப்பைத் திறந்ததும் எல்லாம் கறுப்பாக இருந்தால் பதற வேண்டாம். உள்ளே இருப்பவை நேர்விகித ஒளி மதிப்புகள். சில நட்சத்திரங்கள் மிகப் பிரகாசமாக இருப்பதால் மற்றதெல்லாம் அடியில் கிடக்கும். பைத்தானின் ஆஸ்ட்ரோபை நூலகத்தில் படித்து, வெற்று மதிப்புகளை நீக்கி, கீழே 1, மேலே 99.5 விழுக்காட்டில் வெட்டி, மங்கலானவற்றை மேலே தூக்கிக் காட்டும் ஆர்க்-சைன்-எச் நீட்டலைப் போடுங்கள். மூன்று வடிகட்டிகளுக்கும் தனித்தனியே செய்து, 14-இல் சொன்ன அலைநீள வரிசையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று சேர்க்கலாம். நட்சத்திரங்களைச் சுற்றி நிற விளிம்பு தெரிந்தால் மூன்று படங்களும் ஒரே பிக்சல் கட்டத்துக்குப் பொருத்தப்படவில்லை. நிறத்தைத் திருத்தும் முன் அதைச் சரிசெய்யுங்கள்.